சிறை சென்ற வைத்தியம்

தலைவலி வந்தவனுக்கு உலகத்தில் வைத்தியரல்லாதார் எவருமில்லை. ஒருவர் சுக்கை அரைத்துப் பற்றுப் போடச் சொல்லுவார். மற்றொருவர் மாத்திரையின் பெயரை எழுதிக் கொடுப்பார். மூன்றாமவர் மூக்குக் கண்ணாடியை மாற்றும்படி யோசனை கூறுவார். இப்பொழுது நான்காமவர் ஒருவரும் தோன்றியிருக்கிறார். கோளாறு தலையில் இல்லை, கழுத்திலும் முதுகெலும்பிலும் இருக்கிறது. எலும்பை அதன் ஸ்தானத்தில் தள்ளி வைத்தால் வலி பறந்துபோகும் என்கிறார் அவர். இம்முறைக்குக் கைரோபிராக்டிக் என்று பெயர். கையையும் செயலையும் குறிக்கும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து ஆக்கிய பெயர் அது. அமெரிக்காவில் பிறந்த இம்முறை பல தேசங்களிலும் பரவி, கைபேசியில் ஓடும் படங்களின் வாயிலாக நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. கழுத்து சடக்கென்று ஒலிப்பதையும், படுத்திருந்தவர் முகமலர்ச்சியுடன் எழுந்திருப்பதையும் நேயர்களில் பலர் பார்த்திருக்கக்கூடும்.

உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்குப்படி 2021-ம் வருஷத்தில் ஜனத்தொகையில் ஏறக்குறைய 40 சதவிகிதத்தினர், அதாவது சுமார் 310 கோடிப் பேர், தலைவலி நோய்களால் வருந்தினர். ஆகவே இவ்வைத்தியத்தை நம்பலாமா, கூடாதா என்பது வீண் விவாதமன்று. வலியால் துடிப்பவனுடைய பணத்தையும் கழுத்தையும் பற்றிய விஷயம். இதில் யார் உரக்கப் பேசுகிறார் என்று பார்ப்பதால் பயனில்லை. நியாயஸ்தலத்தில் செய்வதுபோல் சாட்சிகளை ஒவ்வொருவராக அழைத்து விசாரிப்பதே முறை.

முதலில் இதன் பிறப்பைக் கவனிப்போம். டேனியல் டேவிட் பாமர் என்பவர் கானடாவில் 1845-ல் பிறந்தவர். அமெரிக்காவில் ஐயோவா மாகாணத்திலுள்ள டாவன்போர்ட் நகரில், காந்த சக்தியால் நோய் தீர்ப்பதாகச் சொல்லித் தொழில் நடத்தி வந்தார். 1895-ம் வருஷம் செப்டம்பர் 18-ந் தேதி, அதே கட்டிடத்தில் வேலை செய்துவந்த ஹார்வி லில்லார்டு என்பவரின் முதுகெலும்பில் பிசகியிருந்த ஓர் எலும்பைக் கையால் தள்ளி, அவருடைய செவிட்டுத்தன்மையை நீக்கிவிட்டதாக அவர் கூறினார். 1897-ல் ஒரு பள்ளிக்கூடமும் ஆரம்பித்தார். நோய்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து, முதுகெலும்பு பிசகுவதால்தான் உண்டாகின்றன என்பது அவருடைய சித்தாந்தம்.

இந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது கஷ்டமன்று. காதிலிருந்து மூளைக்குச் செல்லும் கேள்வி நரம்பு மண்டையோட்டுக்குள்ளேயே தொடங்கி, மண்டையோட்டுக்குள்ளேயே முடிகிறது. முதுகெலும்பின் வழியாக அது செல்வதில்லை. அப்படியிருக்க, முதுகில் தள்ளியதால் காது திறந்தது என்பதற்கு விளக்கம் என்ன? எல்லா நோய்க்கும் ஒரே காரணம், எல்லாவற்றிற்கும் ஒரே மருந்து என்று எவர் சொன்னாலும் நாம் எச்சரிக்கையாக இருக்கவேண்டும். காந்த வைத்தியரிடமும், முதுகெலும்பு வைத்தியரிடமும், மாத்திரை விற்பவரிடமும் இந்த எச்சரிக்கை ஒன்றுபோலவே வேண்டும்.

நிற்க. இவ்வைத்தியத்தின் சரித்திரத்தில் மனத்தைக் கவரும் பகுதி ஒன்று உண்டு. அனுமதியின்றி வைத்தியம் செய்தார் என்று 1906-ல் பாமர்மீது குற்றம் சாட்டப்பட்டது. அவர் அபராதம் கட்ட மறுத்துச் சிறை புகுந்தார்; பின்னர் அபராதத்தைச் செலுத்தி வெளிவந்தார். மறு வருஷம் விஸ்கான்சின் மாகாணத்தில் லா கிராஸ் நகரில் மோரிகுபோ என்ற ஜப்பானியர்மீது, அனுமதியின்றி ஆஸ்டியோபதி வைத்தியம் செய்ததாக வழக்கு நடந்தது. அவருக்காகத் தோன்றிய வக்கீல் டாம் மாரிஸ், கைரோபிராக்டிக் வேறு, ஆஸ்டியோபதி வேறு என்று வாதித்தார். ஜூரர்கள் குற்றமில்லை என்று விடுதலை செய்தனர். கலிபோர்னியாவிலோ இவ்வைத்தியர்கள் பலர் அபராதம் செலுத்துவதை ஓர் அவமானமாகக் கருதி, கூட்டம் கூட்டமாகச் சிறை சென்றார்கள். நோயாளிகள் அவர்களைச் சிறையிலேயே சென்று பார்த்தனர். இறுதியில் 1922-ல் அம்மாகாணத்து ஜனங்கள் நேரடியாக வாக்களித்து இவர்களுக்கென ஒரு சட்டம் இயற்றினர். கான்சாஸ் மாகாணம் 1913-லேயே சட்டம் செய்திருந்தது. கடைசியாக 1974-ல் லூயிசியானாவும் இணங்கிற்று.

சிறை சென்றவர்களிடத்தில் நம் ஜனங்களுக்கு இயல்பாகவே ஒரு மதிப்பு உண்டு. அந்த மதிப்பில் தவறில்லை. ஆனால் சிறைவாசம் எதை நிரூபிக்கிறது? சென்றவர் தம் கொள்கையை மனமார நம்புகிறார் என்பதை நிரூபிக்கிறது. அநியாயமான ஒரு சட்டத்தின் அநியாயத்தை உலகறியச் செய்வதற்கும் சிறை உதவும். ஏனெனில் அங்கே கேள்வி நியாயத்தைப் பற்றியது. கழுத்து எலும்பைத் தள்ளினால் தலைவலி தீருமா என்பது நியாயத்தைப் பற்றிய கேள்வியன்று, உடம்பைப் பற்றிய கேள்வி. ஆயிரம் பேர் சிறை சென்றாலும் அதற்கு விடை கிடைக்காது. லட்சம் பேர் வாக்களித்தாலும் கிடைக்காது. மனமார நம்பியவர்கள் மனமாரத் தவறியதும் உண்டல்லவா?

எதிர்த்தரப்பாரின் நடத்தையும் மெச்சத் தக்கதாக இல்லை. அமெரிக்க வைத்திய சங்கம் 1963-ல், போலி வைத்தியத்தை ஒழிப்பதற்கென்று ஒரு கமிட்டியை நியமித்தது. கைரோபிராக்டர்களோடு எந்த வைத்தியரும் தொழில் முறையில் கலந்துகொள்ளலாகாது என்று ஏறக்குறைய ஒரு சாதிப் பகிஷ்காரமே நடந்தது. 1976-ல் செஸ்டர் வில்க் என்பவரும் வேறு நால்வரும் சிகாகோ கோர்ட்டில் வழக்குத் தொடுத்தனர். 1981-ல் ஜூரர்கள் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தனர். அப்பீலில் மறு விசாரணைக்கு உத்தரவாயிற்று. 1987-ல் ஜட்ஜ் சூசன் கெட்ஸெண்டானர் அம்மையார், சங்கம் வியாபாரப் போட்டியைத் தடுக்கும் சதியில் ஈடுபட்டுச் சட்டத்தை மீறிற்று என்று தீர்ப்புக் கூறினார். 1990-ல் மேல் கோர்ட்டும் அதனை ஊர்ஜிதம் செய்தது.

இத்தீர்ப்பைத் தங்கள் வைத்தியத்திற்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரமாக எடுத்துக் காட்டுவோர் உண்டு. சட்டம் பயின்றவர்கள் அப்படிச் சொல்லத் துணிய மாட்டார்கள். வழக்கில் எழுந்த பிரச்னை வியாபாரப் போட்டிச் சட்டத்தைப் பற்றியது. பகிஷ்காரம் செய்தது தவறு என்பதற்கும், பகிஷ்கரிக்கப்பட்டவர்களின் வைத்தியம் பலிக்கும் என்பதற்கும் சம்பந்தமில்லை. பக்கத்துக் கடைக்காரனைத் தொழில் செய்யவொட்டாமல் தடுப்பது குற்றம். அதனால் அவன் விற்கும் நெய் சுத்தமான நெய் ஆகிவிடுமா?

அப்படியானால் நம்பத்தக்க சாட்சி எது? 'எனக்குக் குணமாயிற்று' என்று நோயாளி கூறுவது போதாதா என்று சிலர் கேட்கலாம். போதாது. தலைவலி வரும், சில நாளில் தானே போகும். மிகவும் கடுமையாக இருக்கும்போதுதான் ஒருவன் வைத்தியரை நாடுகிறான். அதன்பின் அது தணிவதே இயற்கை. மேலும், ஒருவர் நம்மிடம் அன்பாகப் பேசி, வருத்தத்தைக் கேட்டு, கையால் தொட்டுச் சிகிச்சை செய்யும்போது, அந்த நம்பிக்கையே வலியைக் குறைக்கும் ஆற்றல் உடையது. ஆகவே நோயாளிகளைச் சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதியாருக்கு உண்மையான சிகிச்சையும், மற்றொரு பகுதியாருக்கு அதுபோலத் தோன்றும் பாவனைச் சிகிச்சையும் செய்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே தக்க பரீட்சை. அத்தகைய பரீட்சைகள் நடந்திருக்கின்றன. தலைவலியில் பல ஜாதிகள் உண்டு. ஜாதிக்கு ஒரு தீர்ப்பாக அவற்றின் முடிவுகளைக் கூறுவோம்.

முதலாவது, மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி. நார்வே தேசத்தில் 104 நோயாளிகளை மூன்று பகுதிகளாகப் பிரித்து ஒரு பரீட்சை நடந்தது. ஒரு பகுதியாருக்கு முதுகெலும்புச் சிகிச்சை. மற்றொரு பகுதியாருக்குத் தோள்பட்டை எலும்பின் ஓரத்திலும் பிட்டத்திலும் தள்ளுவது போன்ற பாவனைச் சிகிச்சை. மூன்றாம் பகுதியார் வழக்கமான மருந்தையே உட்கொண்டனர். மூன்று மாதத்தில் பன்னிரண்டு முறை சிகிச்சை செய்து, பின்னும் ஒரு வருஷம் கவனித்தனர். பாவனைச் சிகிச்சை பெற்றவர்களிலும் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் தமக்கு நடந்தது மெய்ச் சிகிச்சை என்றே நம்பினர். 2017-ல் வெளியான முடிவு என்ன? வலி வரும் நாட்கள் மூன்று பகுதியாருக்குமே குறைந்தன. சிகிச்சை பெற்ற இரு பகுதியாருக்கும் அந்தக் குறைவு பின்னும் நீடித்தது. ஆனால் மெய்ச் சிகிச்சைக்கும் பாவனைச் சிகிச்சைக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. பலன் நம்பிக்கையினால் விளைந்ததாக இருக்கலாம் என்பதே பரிசோதகர்களின் அபிப்பிராயம்.

இரண்டாவது, தலையைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கினாற்போல் வரும் இறுக்கத் தலைவலி. டென்மார்க்கில் 75 பேரிடம் நடந்து 1998-ல் வெளியான பரீட்சையில், தசைகளைப் பிடித்துவிடுவதோடு கழுத்து எலும்பையும் தள்ளியதால் அதிகப்படியான நன்மை எதுவும் கிடைக்கவில்லை.

மூன்றாவது, கழுத்தில் பிறந்து தலைக்கு ஏறும் வலி. இங்கேதான் இவ்வைத்தியர்களின் கட்சிக்குச் சற்று ஆதாரம் கிடைக்கிறது. கழுத்தின் மேற்பகுதியிலுள்ள முதல் மூன்று ஜோடி நரம்புகளும், முகத்திலும் நெற்றியிலும் உணர்ச்சி தரும் நரம்பும் மூளைத்தண்டின் அடிப்பாகத்தில் ஒரே இடத்தில் சந்திக்கின்றன. ஆகவே கழுத்து மூட்டில் உண்டாகும் வலியை நெற்றி வலியாக மூளை உணர்வது சாத்தியம். அமெரிக்காவில் இத்தகைய நோயாளிகள் 256 பேரிடம் நடந்த பரீட்சையின் முடிவு 2018-ல் வெளிவந்தது. பதினெட்டு முறை சிகிச்சை பெற்றவர்களுக்கு நான்கு வாரத்தில் பதினாறு நாள் வந்த வலி எட்டு நாளாகக் குறைந்தது. லேசாக உடம்பு பிடித்துவிடப் பெற்றவர்களைவிட இவர்களுக்குச் சுமார் மூன்று நாள் அதிக லாபம். இந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது, மிகைப்படுத்துவதும் நேர்மையாகாது. 2002-ல் வெளியான ஆஸ்திரேலியப் பரீட்சையில் 200 பேர் கலந்துகொண்டனர். அங்கே சிகிச்சை செய்தவர்கள் உடலியக்க வைத்தியர்கள். மூட்டுக்களைக் கையால் இயக்கும் சிகிச்சையும் பலன் தந்தது. கழுத்துத் தசைகளுக்கு உறுதி தரும் எளிய தேகப்பயிற்சியும் பலன் தந்தது. ஒரு வருஷம் கழிந்தும் அப்பலன் நிலைத்திருந்தது. கற்றுக்கொண்டபின் வீட்டிலேயே செலவின்றிச் செய்யக்கூடிய பயிற்சி இவ்வாறு பயன்படுமானால், ஏழை நோயாளி முதலில் எதை நாட வேண்டுமென்று நாம் சொல்லவும் வேண்டுமா?

இனி அபாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூளையின் பின்பாகத்திற்கு இரத்தம் கொண்டு செல்லும் இரு நாடிகள் கழுத்து எலும்புகளிலுள்ள துவாரங்களின் ஊடே ஏறிச் செல்கின்றன. அவற்றின் உட்சுவர் கிழிந்தால் இரத்தம் கட்டிப் பக்கவாதம் உண்டாகலாம். கழுத்தைத் திருகியபின் இவ்வாறு நேர்ந்ததாகப் பல சம்பவங்கள் வைத்தியப் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கின்றன. இது அபூர்வம். காரண காரியத்தை நிர்ணயிப்பதும் எளிதன்று. கானடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் இவ்வகைப் பக்கவாதம் கண்ட 818 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2008-ல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். கைரோபிராக்டரிடம் சென்ற இளவயதினரிடையே இந்நோய் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் சாதாரண டாக்டரிடம் சென்றவர்களிடையேயும் அவ்வாறே காணப்பட்டது. காரணம் என்ன? நாடி கிழியும்போதே கழுத்து வலியும் தலைவலியும் தோன்றும். அந்த வலிக்காகவே நோயாளி வைத்தியரைத் தேடியிருக்கலாம். இந்த வாதம் வைத்தியர்மீதுள்ள சந்தேகத்தைக் குறைக்கிறது. நோயாளியின் அபாயத்தைக் குறைக்கவில்லை. ஏற்கெனவே கிழிந்திருக்கும் நாடியோடு ஒருவன் வந்து படுக்கையில், அவன் கழுத்தைச் சடக்கென்று திருகுவது எத்தகைய செயல் என்பதை யோசித்துப் பாருங்கள்.

ஆகவே நாம் கூறும் முடிவு இது. திடீரென்று இடி விழுந்தாற்போல் வரும் தலைவலி, ஜுரத்தோடும் கழுத்து விறைப்போடும் வரும் தலைவலி, தலையில் அடிபட்டபின் வருவது, பேச்சுக் குழறல், கைகால் சோர்வு, தள்ளாட்டம் ஆகியவற்றோடு வருவது, ஐம்பது வயதுக்குமேல் புதிதாகத் தோன்றுவது, இதற்குமுன் அறியாத விதமாகக் கழுத்தின் ஒரு பக்கத்தில் வலியோடு எழுவது — இவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்தை எவர் கையிலும் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். அடிக்கடி தலைவலி வருகிறவர்கள் வந்த நாளையும், தின்ற மாத்திரையையும் குறித்து வைக்க வேண்டும். மாதத்தில் பதினைந்து நாளும் அதற்கு மேலும் வலி மாத்திரை தின்பதே தலைவலியை நிலைக்கச் செய்யும்; சிலவகை மாத்திரைகளுக்குப் பத்து நாளே போதும். வந்திருப்பது எந்த ஜாதித் தலைவலி என்று படித்த வைத்தியர் ஒருவர் நிச்சயித்தபின், அது கழுத்திலிருந்து எழுவதாயின் தேகப்பயிற்சியையும், பயிற்சி பெற்றவரின் மென்மையான கைச்சிகிச்சையையும் நாடலாம். க்ஷவரக் கடையில் காசு கொடுத்த கையோடு கழுத்தை இருபுறமும் திருகிக்கொள்ளும் வழக்கத்தை அடியோடு விட்டுவிடுவது நலம்.

பிறநாட்டு வைத்தியம் என்பதற்காக நாம் எதையும் தள்ளவில்லை. நம் நாட்டு வைத்தியம் என்பதற்காக எதையும் பரீட்சையின்றி ஏற்கவும் இல்லை. உங்கள் தலைவலியைப் போக்குவதாக வருகிறவர் எவராயினும் அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள்: என் தலைவலி எந்த வகையைச் சேர்ந்தது? அந்த வகைக்கு இந்தச் சிகிச்சை, பாவனைச் சிகிச்சையைவிட மேலானது என்று எங்கே பரீட்சை செய்து கண்டார்கள்? கெடுதல் நேருமானால் அது என்ன? இவற்றிற்கு நேரான விடை சொல்லுகிறவரிடம் நம்பிக்கையோடு செல்லுங்கள். விடைக்குப் பதிலாகத் தம்முடைய தியாகங்களையும், தமக்குக் கிடைத்த தீர்ப்புக்களையும், கூட்டம் கூடிப் பார்க்கும் படங்களையும் காட்டுகிறவருக்கு வணக்கம் கூறி எழுந்து வந்துவிடுங்கள்.