கடையில் தூங்கும் துண்டுத்துணியும் நூலும் பணமாவது எப்படி?

ஜவுளிக் கடை நடத்தும் நம் உறுப்பினர் யாரைக் கேட்டாலும், மேல் அலமாரியிலோ மாடி அறையிலோ ஒரு மூட்டை கிடக்கிறது என்பார். தான் விற்றபின் மிஞ்சிய அரை மீட்டர், முக்கால் மீட்டர் துண்டுகள். ஆடித் தள்ளுபடியிலும் போகாத பழைய டிசைன்கள். ஓரம் அழுக்கேறிய பிட்டுகள். பேன்சி ஸ்டோர் வைத்திருப்பவரிடம் பாதி உருண்டை உல்லன் நூலும், நிறம் விட்டுப்போன குரோஷா நூலும் இருக்கும். "எதற்காவது ஆகும்" என்று ஒதுக்கி வைத்தவைதான் இவை எல்லாம். அந்த "எதற்காவது" என்ன என்பதை முடிவு செய்யாததால்தான் அவை அங்கேயே கிடக்கின்றன.

மளிகை வியாபாரிகள் "இது ஜவுளிக்காரர் விவகாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்த மூட்டையின் முதல் வாடிக்கையாளர் நீங்கள்தான். எப்படி என்பதைக் கீழே பார்ப்போம்.

தூங்கும் சரக்குக்கும் வட்டி உண்டு

ஒரு லட்சம் ரூபாய் அடக்க விலையுள்ள சரக்கு முடங்கிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒன்றரை வட்டியில் கடன் வாங்கித் தொழில் செய்பவருக்கு அதன் செலவு மாதம் 1,500 ரூபாய்; ஆண்டுக்கு 18,000. மூன்று ஆண்டு சும்மா கிடந்தால் சரக்கின் மதிப்பில் பாதிக்கு மேல் வட்டியாகவே போய்விடும். இடத்துக்கான வாடகை தனி.

சரக்கும் அப்படியே இருப்பதில்லை. கஞ்சி போட்ட துணியை இராமபாணப் பூச்சி அரிக்கும். கம்பளி நூலை அந்துப்பூச்சியின் புழு தின்னும். மழைக்கால ஈரத்தில் பருத்தி பூசணம் பிடிக்கும். மடிப்பு விழுந்த இடத்தில் நிறம் வெளுக்கும். காத்திருந்தால் விலை ஏறும் சரக்கு இதுவல்ல.

கணக்கு விஷயம் ஒன்றும் உண்டு. ஆண்டு முடிவில் இருப்பு மதிப்பை அடக்க விலை, விற்றால் கிடைக்கக்கூடிய நிகர விலை, இவ்விரண்டில் எது குறைவோ அதில் எடுக்க வேண்டும் என்பதே கணக்கியல் விதி. மீட்டர் 100 ரூபாய்க்கு வாங்கிய துணி இன்று துண்டாக 40 ரூபாய்க்குத்தான் போகும் என்றால், ஏட்டில் 100 என்றே எழுதிக்கொண்டு போவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

முதல் வேலை: பிரித்தல்

மூட்டையை அவிழ்த்ததும் நிறம் பார்த்துப் பிரிப்பதுதான் வழக்கம். அதைவிட நீளம் பார்த்துப் பிரிப்பது மேல். நான்கு குவியல் போதும்.

ஒன்று: 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்டவை. ரவிக்கைக்கு ஆகும் துணி என்றால் ரவிக்கைப் பிட்டாகவே விற்றுவிடலாம், தைக்க வேண்டியதில்லை.

இரண்டு: அரை மீட்டர் அளவிலானவை. இவை மளிகைப் பைக்கு ஆகும்.

மூன்று: கால் மீட்டர் அளவிலானவை. தாம்பூலப் பை, சுருக்குப் பை, அடுப்படியில் பாத்திரம் பிடிக்கும் துணி இவற்றுக்கு.

நான்கு: அதற்கும் சிறியவையும் நாடாபோல் கிழிந்தவையும். கால்மிதி பின்னவும், தலையணைக்குள் அடைக்கவும். திருப்பூரில் பனியன் வெட்டியபின் மிஞ்சும் துணி, எந்திரம் துடைக்கவும் கால்மிதி செய்யவும் போவதை நாம் அறிவோம். அங்கே கழிவுக்கும் ஒரு சந்தை இருக்கிறது.

அடுத்து, துணி எந்த ரகம் என்று பார்க்க வேண்டும். சந்தேகமானால் இரண்டு இழையை இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம்போல் எரிந்து மென்மையான சாம்பலாகும். கம்பளியில் தலைமுடி கருகும் வாசனை வரும். பாலியஸ்டரும் அக்ரிலிக்கும் உருகிக் கெட்டியான மணிபோல் உறையும். உருகும் ரகத்தில் அடுப்படித் துணி தைத்து விற்கக் கூடாது. சூட்டில் கையோடு ஒட்டிக்கொள்ளும்.

சாயம் போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். ஒரு மூலையை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தினால் தெரிந்துவிடும். சாயம் போகும் துணியைப் பையாக்கினால் அது வெல்லத்திலும் உப்பிலும் ஏறும்.

ஒரு மீட்டரில் மூன்று பை

36 அங்குலப் பன்னா உள்ள துணி ஒரு மீட்டர் என்றால் நீளம் 39 அங்குலத்துக்குச் சற்று மேல். நீளவாக்கில் 13 அங்குலமாக மூன்றாக வெட்டுங்கள். ஒவ்வொரு துண்டும் 13-க்கு 36 அங்குலம். அதில் 31 அங்குலத்தைப் பைக்கு எடுத்துக்கொண்டால் 5 அங்குலம் மிஞ்சும். அந்த 5 அங்குலத்தை இரண்டரை அங்குலமாக இரண்டாகப் பிளந்து மடித்துத் தைத்தால் இரண்டு கைப்பிடி. 31 அங்குலத்தை நடுவில் மடித்து, இரு பக்கமும் அரை அங்குலம் தையலுக்கும், மேலே ஒன்றரை அங்குலம் மடிப்புக்கும் விட்டால், 12-க்கு 14 அங்குலப் பை வரும். அடியில் தையல் இல்லாததால் கனம் தாங்கும். துணியும் வீணாகாது.

பக்கத் தையல் இரட்டையாக இருக்கட்டும். கைப்பிடி சேருமிடத்தில் சதுரமாகத் தைத்து, நடுவே குறுக்காக இரண்டு தையல் போடச் சொல்லுங்கள். முதல் பையில் ஐந்து கிலோ அரிசி போட்டு ஓர் இரவு ஆணியில் தொங்கவிட்டுப் பார்த்தபின் மற்றவற்றை வெட்டுங்கள்.

மளிகைக் கடைக்கு ஏன் இது?

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் பிளாஸ்டிக் கைப்பைகளுக்குத் தடை இருக்கிறது. துணிபோல் தோன்றும் நான்-ஓவன் பைகளும் அந்தத் தடையில் அடங்கும், அவையும் பிளாஸ்டிக்தான். 2021 டிசம்பரில் அரசு "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கியது. ஆக மளிகைக் கடைக்குத் துணிப்பை தேவை. ஜவுளிக் கடையில் துணி கிடக்கிறது. இரண்டு கடையும் பெரும்பாலும் ஒரே தெருவில்தான்.

திருமண மளிகை எடுக்கும் வாடிக்கையாளரிடம் தாம்பூலப் பையும் சேர்த்துக் கேட்டுப் பாருங்கள். தேங்காயும் வெற்றிலை பாக்கும் கொள்ளும் அளவுதானே? பல டிசைன் துண்டுகள் கலந்திருந்தாலும் அங்கே குறையாகாது.

பையே சரக்கை விற்ற கதை ஒன்று உண்டு. அமெரிக்காவில் மாவையும் கோழித் தீவனத்தையும் ஒரு காலத்தில் பருத்திச் சாக்கில் விற்றார்கள். வீட்டுப் பெண்கள் அந்தச் சாக்கைப் பிரித்து உடை தைப்பதைக் கண்ட வியாபாரிகள், 1920-களிலிருந்து பூப்போட்ட துணியிலேயே சாக்குத் தைக்கத் தொடங்கினார்கள். கம்பெனி பெயரைக்கூடத் துவைத்தால் போகும் மையில் அச்சிட்டார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில், ஒரு உடைக்கு வேண்டிய ஒரே டிசைன் சாக்குகள் சேரும்வரை அதே மாவைத் தேடி வாங்கினவர்கள் உண்டு. மாவின் விலையில் துணியும் கிடைத்தது என்ற திருப்தி வாடிக்கையாளருக்கு, விற்பனை வியாபாரிக்கு.

மிஞ்சிய நூலுக்கு வழி

நூல் தேங்குவதற்குக் காரணம் சாயத் தொகுதி. லேபிளில் நிற எண்ணோடு லாட் எண்ணும் இருக்கும். ஒரே நிறமானாலும் லாட் மாறினால் பின்னியபின் வித்தியாசம் தெரியும். ஆகவே பழைய உருண்டையை ஒரு ஸ்வெட்டருக்கு என்று விற்க முடியாது. பல நிறம் கலக்கும் சிறு பொருளுக்குத்தான் அது சரி: குழந்தைக் குல்லா, கோடு போட்ட கழுத்துத்துணி, கதவுத் தோரணம், சதுரம் சதுரமாகப் பின்னி இணைக்கும் விரிப்பு.

எவ்வளவு நூல் மிச்சம் என்பதைத் தராசு சொல்லும். 50 கிராம் உருண்டையில் 120 மீட்டர் என்று லேபிள் சொன்னால், 20 கிராம் மிச்சத்தில் 48 மீட்டர் இருக்கிறது. கனம் ஒத்துப்போகிறதா என்று அறிய, நூலை அளவுகோலில் நெருக்கிச் சுற்றி ஓர் அங்குலத்தில் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். எண்ணிக்கை ஒத்தவற்றை ஒரு பையில் கட்டி, எடையும் மீட்டரும் எழுதி, "குல்லாவுக்குப் போதும்" என்று சீட்டு ஒட்டுங்கள். வெறும் மிச்ச நூலைவிட, என்ன செய்யலாம் என்று எழுதிய நூல் விரைவில் போகும்.

மூன்று எச்சரிக்கை

முதலாவது, ஆர்டர் பார்த்து வெட்டுங்கள். மூட்டைத் துணி முழுவதையும் பையாகத் தைத்து அடுக்கிவிட்டால், துணியாகத் தூங்கிய முதல் பையாகத் தூங்கும். கூடவே தையல் கூலியும் தூங்கும். முதலில் ஐம்பது பை. விற்றபின் அடுத்த ஐம்பது.

இரண்டாவது, மிச்சத்தைத் தீர்ப்பதற்காகப் புதுச் சரக்கு வாங்காதீர்கள். "பொருத்தமாக ஒரு தான் எடுத்தால் எல்லாம் சேர்ந்துவிடும்" என்று தோன்றும். ஆனால் அந்தத் தானிலும் மிச்சம் விழும். கைப்பிடிக்கும் ஒட்டுக்கும் இருப்பதையே கலந்து போடுங்கள்.

மூன்றாவது, விலை போடும்போது பழைய அடக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்தத் துண்டை எடைக்குப் போட்டால் இன்று என்ன கிடைக்குமோ அதுதான் துணியின் விலை. அதன்மேல் தையல் கூலி, நூல், அச்சுச் செலவு, உங்கள் லாபம். தையலை அருகிலுள்ள மகளிர் குழுவிடம் பை ஒன்றுக்கு இவ்வளவு என்று பேசிக் கொடுக்கலாம். கூலியை அன்றன்றே கொடுத்துவிடுங்கள், அடுத்த ஆர்டருக்கு ஆள் தேட வேண்டியிருக்காது. துணியை இலவசமாகக் கொடுப்பதாக இருந்தால், ஜி.எஸ்.டி.யில் அன்பளிப்பாகக் கொடுத்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

மார்ச் மாத இருப்புக் கணக்கு எடுக்கும் முன், கடை அடைக்கும் ஒரு நாளில் மூட்டையை அவிழ்த்து நான்கு குவியலாக்குங்கள். அரை மீட்டர் குவியலில் எத்தனை பை வரும் என்று எண்ணிக்கொண்டு, எதிர்க்கடை மளிகைக்காரரிடம் மாதம் எத்தனை பை வேண்டும் என்று கேளுங்கள். அவர் சொல்லும் எண்ணிலிருந்து கத்தரி வேலையைத் தொடங்கலாம்.