செய்தி வாசிப்பு மட்டுமா வேலை?

ஊடக வேலை பற்றிப் பேசக் கல்லூரிகளுக்குப் போனால் மாணவர்கள் முதலில் கேட்பது இதுதான்: “மேடம், செய்தி வாசிப்பாளர் ஆக என்ன செய்யணும்?” ஆசைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஒரு சேனலில் செய்தி வாசிப்பவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். செய்தியைக் கொண்டுவருபவர்கள், எழுதுபவர்கள், எடிட் செய்பவர்கள் அதைப்போலப் பல மடங்கு. புல்லட்டின் ப்ரொட்யூசராக இருக்கும் நான் உறுதியாகச் சொல்வேன், வேலை அங்கேதான் இருக்கிறது.

இரவு எட்டு மணிச் செய்தியையே எடுத்துக்கொள்ளுங்கள். நிருபரும் கேமராமேனும் எங்கே போக வேண்டும் என்பதை அசைன்மென்ட் டெஸ்க் காலையிலேயே முடிவு செய்யும். மாவட்டங்களிலிருந்து வீடியோவும் தகவலும் வரும். உதவி ஆசிரியர் எழுதுவார், ஒருவர் குரல் கொடுப்பார், வீடியோ எடிட்டர் காட்சிகளை அடுக்குவார். கிராபிக்ஸுக்கும் திரையின் கீழே ஓடும் ஸ்க்ரோலுக்கும் தனி ஆட்கள். எது முதல் செய்தி, எதற்கு எத்தனை விநாடி என்று ரன் டவுன் போடுவது என் பொறுப்பு. ஒளிபரப்பின்போது பிசிஆர் எனும் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து, வாசிப்பவரின் காதில் “அடுத்தது லைவ், நிருபர் ரெடி” என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். ஏழு ஐம்பத்தைந்துக்குப் பெரிய செய்தி ஒன்று வந்தால், ரன் டவுன் முழுவதையும் அந்த ஐந்து நிமிடத்தில் மாற்றியாக வேண்டும்.

இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காதுக்கு எழுதத் தெரிந்திருக்க வேண்டும். மாவட்டத்திலிருந்து வரும் செய்தி பெரும்பாலும் இந்த மாதிரி இருக்கும்: ‘திண்டிவனம் அருகே தேசிய நெடுஞ்சாலையில் பழுதாகி நின்றுகொண்டிருந்த லாரியின் பின்புறம் சென்னை நோக்கி வந்த கார் மோதி விபத்துக்குள்ளானதில் காரில் பயணம் செய்த மூவர் படுகாயமடைந்தனர்.’ சமையலறையில் வேலை பார்த்தபடி கேட்பவருக்கு இது பிடிபடாது. நாங்கள் மாற்றி எழுதுவோம்: ‘திண்டிவனம் அருகே லாரி மீது கார் மோதியதில் மூன்று பேர் படுகாயமடைந்தனர். பழுதான லாரி நெடுஞ்சாலையிலேயே நின்றிருந்தது. சென்னைக்கு வந்த கார் அதன் பின்னால் மோதியது.’ கேட்பவரால் திரும்பப் படித்துப் பார்க்க முடியாது. அதனால் ஒரு வாக்கியத்தில் ஒரு தகவல்தான். இப்படி எழுதத் தெரிந்தவரை எந்த டெஸ்க்கும் விடாது.

வாய்ப்புகளும் பெருகியிருக்கின்றன. சென்னையில் அகில இந்திய வானொலி (இன்றைய ஆகாசவாணி) 1938-லும் தூர்தர்ஷன் 1975-லும் வந்தன. சன் டிவி 1993-ல் தொடங்கியது. தனியார் சேனல்கள் வரும்வரை இங்கே தொலைக்காட்சிச் செய்தி அரசின் கையில்தான் இருந்தது. 2011-ல் புதிய தலைமுறை, 2012-ல் தந்தி டிவி எனச் செய்திச் சேனல்கள் வரிசையாக வந்தன. இன்று சேனல்களின் யூடியூப் பக்கங்களுக்கே தனிக் குழுக்கள் உண்டு. தனியார் எஃப்எம் நிலையங்கள் சொந்தமாகச் செய்தி தயாரிக்க அனுமதி இல்லை என்பதால், வானொலிச் செய்தியில் சேர விரும்புபவர்கள் ஆகாசவாணியைத்தான் பார்க்க வேண்டும். அங்கே பகுதிநேரச் செய்தி வாசிப்பாளர்களை எழுத்துத் தேர்வும் குரல் தேர்வும் வைத்து எடுக்கிறார்கள். மொழிபெயர்ப்பும் செய்ய வேண்டியிருக்கும்.

விஸ்காம், இதழியல் படித்திருந்தால் நல்லது. சென்னைப் பல்கலைக்கழகத்திலும் ஆசிய இதழியல் கல்லூரியிலும் நல்ல படிப்புகள் இருக்கின்றன. தமிழ் இலக்கியம், சட்டம், வேளாண்மை படித்தவர்களும் தயங்காமல் வரலாம். பட்ஜெட்டையோ நீதிமன்றத் தீர்ப்பையோ உடனே புரிந்து சொல்பவருக்கு மதிப்பு அதிகம்.

சிரமங்களையும் சொல்லியாக வேண்டும். தொடக்கச் சம்பளம் குறைவு. இரவு ஷிஃப்ட் உண்டு, தீபாவளியன்றும் வேலை இருக்கும். மாவட்டங்களில் பகுதிநேர நிருபர்கள் பலருக்குச் செய்திக்கு இவ்வளவு என்றுதான் பணம். வேலைக்குச் சேருமுன் நியமனக் கடிதம், பிஎஃப், ஷிஃப்ட் நேரம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேலை கிடைக்கும்வரை காத்திருக்காதீர்கள். உங்கள் ஊர் உழவர் சந்தையையோ அரசு மருத்துவமனையையோ செல்போனில் படம் பிடித்து, சம்பந்தப்பட்டவரிடம் பைட் (கேமரா முன் சொல்லும் கருத்து) வாங்கி, இரண்டு நிமிடச் செய்தியாக எடிட் செய்து பாருங்கள். நேர்முகத் தேர்வில் மதிப்பெண் பட்டியலுக்கு முன் அதை எடுத்துக் காட்டுங்கள்.