பல் பிடுங்கிய பின்

பல்லைப் பிடுங்கியதும் தொல்லை தீர்ந்தது என்று நாம் எண்ணிவிடுகிறோம். உண்மையில் நமது பொறுப்பு அப்பொழுதுதான் தொடங்குகிறது.

பல் இருந்த குழியில் இரத்தம் உறைகிறது. எலும்பையும் நரம்பையும் மூடிக் காக்கும் இயற்கையான கட்டு அதுவே. ஆகவே, மருத்துவர் வைத்த பஞ்சை அரைமணி நேரமேனும் அழுத்திக் கடித்திருத்தல் வேண்டும். முதல் 24 மணி நேரம் வாய் கொப்பளித்தலும், காறித் துப்புதலும், உறிஞ்சிக் குடித்தலும் கூடா. வெற்றிலை, புகையிலை, பீடி ஆகியவற்றைப் புண் ஆறும்வரை அறவே விலக்குவோம். உறைந்த இரத்தம் பெயர்ந்துவிட்டால், இரண்டு மூன்று நாட்களில் காது வரை பரவும் கடும் வலி தோன்றும்.

முதல் நாள் ஆறிய கஞ்சியே ஏற்றது. மறுநாள் முதல், ஒரு தம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, உணவுக்குப் பின் மெல்லக் கொப்பளிக்கலாம். மற்றப் பற்களைத் துலக்காது விடலாகாது.

வலிக்கென நாமே ஆஸ்பிரின் விழுங்கினால் இரத்தப்போக்கு மிகக்கூடும். எனினும், இதய நோய்க்காக மருத்துவர் சொற்படி அதனை உட்கொள்வோர் தாமாக நிறுத்தலாகாது. பல் பிடுங்குமுன்பே பல் மருத்துவரிடம் அதனைத் தெரிவித்தல் கடமை. சர்க்கரை நோயுள்ளோரும் அவ்வாறே செய்க.

இரத்தம் நில்லாதிருப்பினும், காய்ச்சலோ வீக்கமோ பெருகினும், விழுங்க இயலாது போயினும், காலந்தாழ்த்தாது மருத்துவரை நாடுவோம். ஒரு நாள் பொறுமை பல நாள் வேதனையைத் தவிர்க்கும்.