கட்டணமில்லாத பில் வரி

அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்கு மருத்துவர் வந்துபோனதும் அரசின் முதியோர் காப்பீடான மெடிகேருக்கு ஒரு பில் போகும். அதில் சில வரிகளில் கட்டணம் பூஜ்யம் டாலர் என்றே இருக்கும். பூஜ்யத்தை ஏற்காத பில்லிங் மென்பொருள் என்றால் ஒரு சென்ட் போடுவார்கள். அந்த ஒரு சென்ட்டும் யார் கைக்கும் வராது.

வருகைக்கான கட்டணத்துக்கு 99309 போன்ற எண் தனியாக இருக்கிறது. பூஜ்ய வரியோ, வந்தவர் என்ன விசாரித்தார், என்ன சோதித்தார் என்று சொல்வதற்கு. மருத்துவச் சேவைகளுக்கான சிபிடி எண்தொகுப்பின் இரண்டாம் வகை இது: நான்கு இலக்கம், கடைசியில் ‘எஃப்’. 2007-இல் மெடிகேர் தர அறிக்கைத் திட்டம் தொடங்கியபோது இவற்றுக்கு மவுசு வந்தது. 2017 முதல் அந்த இடத்தில் மிப்ஸ் திட்டம். அதில் மதிப்பெண் குறைந்தால், இரண்டு ஆண்டு கழித்து மருத்துவருக்கு வரும் தொகையில் 9 சதவீதம் வரை பிடித்துவிடலாம்.

எண்பது வயது மூதாட்டி ஒருவர் ஓராண்டில் இருமுறை விழுந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு 1100எஃப். விழவே இல்லை, அல்லது ஒருமுறை விழுந்தும் காயமில்லை என்றால் 1101எஃப். விஷயம் அத்தோடு முடிந்தது. 1100எஃப் போட்டால்தான் வேலை நீள்கிறது. நடையையும் சமநிலையையும் பார்க்க வேண்டும். எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா, கண் தெரிகிறதா, மாத்திரை ஏதும் தலைசுற்ற வைக்கிறதா என்பவற்றில் ஒன்றையாவது சோதிக்க வேண்டும். செய்து, கோப்பில் எழுதினால் 3288எஃப். இனி விழாமலிருக்கத் திட்டம் வகுத்தால் 0518எஃப். மருத்துவக் காரணத்தால் சோதிக்க இயலவில்லை என்றால் எண்ணுக்குப் பின்னால் 1பி. காரணமே சொல்லாமல் விட்டிருந்தால் 8பி. இந்த 8பி எனக்குப் பிடித்தது. ‘செய்யவில்லை’ என்று ஒப்புக்கொள்ள அரசாங்கப் படிவத்தில் இடம் இருப்பது அபூர்வம். அறிக்கை கொடுத்த கணக்கில் 8பி சேரும், தேறிய கணக்கில் சேராது.

விழுவதற்கு மட்டுமல்ல, பேச்சுக்கும் எண் உண்டு. நினைவு தப்பினால் அவர் சார்பில் யார் முடிவெடுப்பது என்று முதியவரிடம் பேசி, பெயரைக் குறித்துக்கொண்டால் 1123எஃப். பேசியும் அவர் யாரையும் சொல்ல விரும்பவில்லை என்றால் 1124எஃப். இரண்டுக்கும் மதிப்பெண் ஒன்றே. பேச்சை எடுத்தார்களா என்பதுதான் கேள்வி. மகனா மகளா என்று சொல்லத் தயங்கும் முதியவரை வற்புறுத்த வேண்டாமே என்ற வகையில் இது நல்ல ஏற்பாடு.

இந்த ‘எஃப்’ எண்களை வருகைக்கான பில்லிலேயே சேர்க்க வேண்டும். மறந்துவிட்டு, இதற்காக மட்டும் அதே பில்லைத் திரும்ப அனுப்ப முடியாது.

இவ்வளவும் மருத்துவரின் கணக்கு. அந்த மூதாட்டி மறுபடி விழுந்தாரா என்பது இதில் ஏறாது. அதை இல்லத்தின் செவிலியர்கள் எம்டிஎஸ் என்ற மதிப்பீட்டுப் படிவத்தில் பதிகிறார்கள். பலத்த காயத்தோடு விழுந்தவர்களின் விகிதம் அங்கிருந்துதான் எடுக்கப்பட்டு, இல்லத்தின் நட்சத்திர மதிப்பீட்டில் சேர்கிறது.