நாலு நூல் என்று எழுதி ஏழு நூல் திறக்கும் ஸ்பேனர்

பழைய இரும்புக் கடைக் குவியல்களிலும், மூடிப்போன பட்டறைகளின் மரப்பெட்டிகளிலும் அடிக்கடி தட்டுப்படும் பொருள் அது. ஒரு சாண் நீளம் இருக்கும். ஒரு முனை வாய் திறந்த ஸ்பேனர். மறுமுனையில் வளையமோ கொக்கியோ. மேலெல்லாம் கருத்த எண்ணெய்ப் பிசுக்கு. ஏதோ ஒரு பழைய காரைச் சேர்ந்தது என்பதற்கு மேல் ஒன்றும் புரியாது. கையில் எடுத்தவர் முதலில் புரட்டித் தேடுவது கம்பெனிப் பெயரை. அப்படிப் பெயரில் தொடங்கும் தேடல் பெரும்பாலும் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. கைக்கருவி ஒரு ஜோடியின் பாதி. மறுபாதி வண்டிக்குள் இருக்கிற நட்டு, ஸ்பிரிங், அல்லது பிளக். அந்த மறுபாதி எது என்று தெரிந்தால்தான் கருவியை அடையாளம் கண்டதாகச் சொல்ல முடியும். அதற்குக் கண்ணை நம்புவதைவிட அளவுகோலை நம்புவதே நல்லது.

பெயர் தெளிவாகப் பொறித்திருக்கும்போது இத்தனை பாடு எதற்கு என்று கேட்கலாம். ஃபோர்டு மாடல் டி-யை எடுத்துக்கொள்வோம். 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேல் விற்ற கார். வண்டியோடு கருவிப்பையும் வந்தது. அதிலிருந்த பல கருவிகளில் ஃபோர்டின் சாய்வெழுத்து முத்திரை உண்டு. முத்திரை குடும்பத்தைச் சொல்லும், வேலையைச் சொல்லாது. ஒரு முனை ஸ்பார்க் பிளக்குக்கும் மறுமுனை சிலிண்டர் ஹெட் போல்ட்டுக்கும் பொருந்தும் என்பது, அந்த இரண்டு அறுகோணங்களையும் அளந்து பார்த்தவருக்கே விளங்கும். முத்திரையே இல்லாமல் வெளிக் கம்பெனிகள் விற்ற கருவிகள் இதைவிடக் கடினம். மாடல் டி-யின் கியர்பெட்டிக்குள் துணி உறை போட்ட மூன்று பட்டைகள் உருளைகளைச் சுற்றி இறுகும். காலால் மிதிக்கிற மூன்று பெடல்களும் அவற்றைத்தான் இறுக்குகின்றன. மேல்மூடியை மாட்டும்போது மூன்று பட்டைகளின் காதுகளையும் ஒருசேர அமுக்கிப் பிடிக்கத் தனியாக ஒரு கருவி இருந்தது. அந்தக் கியர்பெட்டியைத் திறந்து பார்க்காதவருக்கு அது தச்சருடைய இடுக்கி போலத் தெரியுமே தவிர, காரோடு அதற்குள்ள உறவு தெரியாது.

அளப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. தேடுபவர்கள் அதிகம் வழுக்கி விழும் இடம் அதுதான். இன்றைய ஸ்பேனரில் 13 என்று இருந்தால் அதன் வாய் 13 மில்லிமீட்டர். பழைய ஸ்பேனரில் எழுதியிருக்கும் எண்ணோ பெரும்பாலும் போல்ட்டின் தண்டு விட்டம், வாயின் அகலம் அல்ல. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் முன்வைத்த முறைப்படி, நட்டின் அகலம் போல்ட் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கும் அதோடு 1/8 அங்குலமும். அரை அங்குல போல்ட்டுக்கு 7/8 அங்குல நட்டு. நம் பட்டறைக் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒன்று. ஆக, நாலு நூல் என்று எழுதிய ஸ்பேனர் ஏழு நூல் வாய் திறந்து நிற்கும். இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-இல் கொண்டுவந்த மரை முறையில் கணக்கே வேறு. அங்கே அரை அங்குல ‘டபிள்யூ’ ஸ்பேனரின் வாய் 0.920 அங்குலம். பிறகு வந்த நெருக்கமான பி.எஸ்.எஃப். மரைக்குத் தலை சிறியது என்பதால், ஒரே வாய்க்கு இரண்டு எண்கள் பொறிக்கப்பட்டன. ஒரு பக்கம் ‘1/4 டபிள்யூ’, அதனடியில் ‘5/16 பி.எஸ்.’ என்று கண்டால் தவறாக அடித்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த இரட்டை எண்ணே கருவி பிறந்த நாட்டைச் சொல்லிவிடுகிறது.

அளவும் ஏமாற்றும் என்று அனுபவமுள்ள மெக்கானிக்குகள் மறுப்பார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாய் தேய்ந்து அகலும்; டாப்பெட் சரிசெய்ய ஸ்பேனரைச் சாணையில் மெலிதாக்கியிருப்பார்கள். போதாக்குறைக்கு மோரிஸ் கார் என்ற விதிவிலக்கும் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரெஞ்சு ஆயுத நிறுவனமான ஹாட்ச்கிஸ் இங்கிலாந்தின் கவென்ட்ரியில் ஆலை போட்டது. போர் முடிந்ததும் அங்கே மோரிஸுக்கு எஞ்சின்கள் தயாராயின. இயந்திரங்கள் பிரெஞ்சுக் கணக்கில் மெட்ரிக் மரை வெட்டின. வாங்கியவர்களின் கையிலோ ஆங்கில ஸ்பேனர்கள். எனவே மரையை மெட்ரிக்கில் விட்டுவிட்டு, போல்ட் தலைகளை மட்டும் விட்வொர்த் அளவில் செய்தார்கள். 1923-இல் மோரிஸ் அந்த ஆலையையே வாங்கிய பிறகும் இந்தக் கலப்பு தொடர்ந்து, எம்.ஜி.யின் டி வரிசைக் கார்கள் வரை வந்தது. ஆனால் இது என் வாதத்துக்கே பலம் சேர்க்கிறது. ஸ்பேனர் மரையைத் தொடுவதில்லை, தலையைத்தான் பிடிக்கிறது. அது எந்தத் தலைக்கு என்பதை அளவு சரியாகவே சொன்னது. தேய்மானத்துக்கும் விடை உண்டு. தேய்ந்த வாய் நுனியில் அகன்றிருக்கும்; அடியில் வெர்னியர் வைத்தால் பழைய அளவு பெரும்பாலும் அப்படியே கிடைக்கும்.

காலத்தைக் கணிக்க வேறு தடயங்கள் உண்டு. அமெரிக்கக் கருவிகளில் காப்புரிமை வழங்கிய தேதி பொறித்திருந்தால், அது செவ்வாய்க்கிழமையா என்று பார்க்க வேண்டும். அந்நாட்டில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் செவ்வாய்தோறும்தான் காப்புரிமை வழங்குகிறார்கள். வேறு கிழமை வந்தால், தேய்ந்த எண் ஒன்றைத் தப்பாகப் படித்திருக்கிறோம். எண் மட்டும் இருந்தாலும் போதும். பத்து லட்சமாவது காப்புரிமை 1911 ஆகஸ்ட் 8 அன்று, ஒரு வண்டிச் சக்கர டயருக்குக் கிடைத்தது; இருபது லட்சமாவது 1935 ஏப்ரலில். இடைப்பட்ட எண் என்றால் இடைப்பட்ட காலம். அதற்கு முன் அந்தக் கருவி இல்லை என்பதற்கே இது சாட்சி; அதன் பிறகு எத்தனை ஆண்டு தயாரித்தார்கள் என்பதற்கு அல்ல. குரோமியப் பூச்சு பளபளத்தால் 1920-களின் நடுப்பகுதிக்கு முந்தியதாக இருக்காது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவில் குரோமியத்துக்குக் கட்டுப்பாடு வந்ததால், அக்காலக் கருவிகள் பல கருநிறப் பூச்சோடு வெளிவந்தன.

ஒரு படம் எடுத்துக் கணினியிடம் கேட்டால் நொடியில் பதில் வருமே என்பார்கள். வரும், ஆனால் படத்தில் அளவு இல்லை. வார்ப்பிரும்பில் ஊற்றிய கலப்பை ஸ்பேனரும், அச்சில் அடித்த கார் ஸ்பேனரும் படத்தில் அண்ணன் தம்பி போலிருக்கும். அந்தப் பதிலை நம்பித் தவறான ஸ்பேனரைப் போட்டால், திரும்பக் கிடைக்காத பழைய நட்டின் முனைகள் மழுங்கிவிடும். இதையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது, கருவி கிடைத்தவுடன் சாணைச் சக்கரத்தில் பிடித்துப் பளபளப்பாக்கும் பழக்கம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியால் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்துச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தாலே பள்ளத்தில் கிடக்கும் எழுத்துகள் வெள்ளையாகத் தெரியும். சாணையில் அந்த ‘1/4 டபிள்யூ’ போய்விட்டால் மிஞ்சுவது 13.3 மில்லிமீட்டர் வாய். 13-க்குப் பெரியது, 14-க்குச் சிறியது. எடுத்தவர் அதைத் தேய்ந்துபோன பதிமூன்று என்று நினைத்து மறுபடி குவியலில் போட்டுவிடுவார்.