கண்மாய்க்கு ஒரு போர்வை

மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் நெடுஞ்சாலையில் அருப்புக்கோட்டையைத் தாண்டினால் பந்தல்குடி வரும். சுற்றிலும் கரிசல் காடு. பருத்தி, சோளம், கம்பு, எள் என்று மானாவாரிப் பயிர்கள். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைக் கண்மாய்களில் பிடித்து வைத்தால்தான் உண்டு. பங்குனி வெயிலில் அந்தக் கண்மாய்க்கரையில் நின்று பாருங்கள். மடை வழியே வயலுக்குப் போனது போக, மண்ணில் ஊறியது போக, மிச்சத்தைச் சூரியன் குடித்துக்கொண்டிருப்பான். இப்பகுதியின் ஆண்டு மழை ஏறத்தாழ 800 மி.மீ. வெட்டவெளியில் கிடக்கும் நீர்ப்பரப்போ, ஆண்டு முழுவதும் வற்றாமல் இருக்குமானால், ஏறக்குறைய 2 மீட்டர் உயர நீரை ஆவியாக இழக்கும். நேரே விழும் மழையைவிட இரண்டு மடங்குக்கு மேல் செலவு!

மேலே எதையாவது போட்டு மூடினால் என்ன? 2017 ஏப்ரலில் வைகை அணையில் தெர்மாக்கோல் அட்டைகளை மிதக்கவிட்டார்கள். காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கிவிட்டது, ஊரெல்லாம் சிரித்தது. மூட வேண்டும் என்ற எண்ணம் தவறானதென்று நான் சொல்லமாட்டேன். மூடிதான் சரியில்லை. ஒரே ஒரு மூலக்கூறு கனமுள்ள போர்வையால் நீரை மூடலாம் என்று சொன்னால் நம்புவீர்களா? அந்தப் போர்வையை நெய்வதற்குரிய நூல் நம் வீட்டு எண்ணெய்ச் சட்டியிலேயே இருக்கிறது.

முதலில் ஒரு கணக்கு. மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின், இலண்டனை அடுத்த கிளாப்பம் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றினார். அலையடித்துக் கொண்டிருந்த நீரில் ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பு அடங்கிப்போயிற்று. இதை 1774இல் கட்டுரையாக வெளியிட்டார். தேக்கரண்டி என்பது 5 கன செ.மீ.; அரை ஏக்கர் என்பது நம் கணக்கில் 50 சென்ட், அதாவது ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். கன அளவைப் பரப்பால் வகுத்தால் படலத்தின் கனம் கிடைக்கும். நீங்களே வகுத்துப் பாருங்கள். ஒரு மில்லிமீட்டரை 4 இலட்சம் கூறுகளாக்கினால் அதில் ஒரு கூறு! இது ஓர் எண்ணெய் மூலக்கூறின் நீளத்துக்கு நெருங்கிய அளவு. விடை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் பிராங்க்ளின் அந்த வகுத்தலைச் செய்யவில்லை.

இத்தகைய படலங்களை முறையாக அளந்து காட்டியவர்களில் ஒருவர் ஆக்னஸ் பாக்கல்ஸ் என்ற ஜெர்மன் பெண்மணி. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம் அது. வீட்டில் சமையலும் பாத்திரம் கழுவுவதும் அவர் வேலை. கழுவும் நீரில் எண்ணெய்ப் பசை செய்யும் விளையாட்டைக் கவனித்து, ஒரு தகரத் தொட்டியும் குறுக்கே நகரும் ஒரு தகரப் பட்டையும் கொண்டு அளவெடுத்தார். 1891 ஜனவரியில் அதையெல்லாம் ராலே பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ராலே அதனை 'நேச்சர்' இதழுக்கு அனுப்பி அச்சேற்றினார். இன்றைக்கும் ஆய்வுக்கூடங்களில் உள்ள படலத் தொட்டி அந்தச் சமையலறைத் தொட்டியின் வாரிசுதான்.

சரி, எண்ணெய் ஏன் இப்படிப் பரவுகிறது? எண்ணெய், நெய், மெழுகு, கொலஸ்டிரால் முதலிய, நீரில் கரையாத உயிர்ப்பொருள்களை லிப்பிடுகள் என்பர். இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை கொழுப்பு அமிலம். கார்பன் அணுக்கள் 16, 18 என்று வரிசையாகக் கோத்த ஒரு வால். நுனியில் ஆக்சிஜன் உள்ள ஒரு தலை. தலைக்கு நீர் என்றால் உறவு. வாலுக்கு நீர் என்றால் பகை. ஆகவே நீரில் இட்டால் தலையை நீருக்குள் புதைத்து, வாலை வானத்தை நோக்கி நீட்டி நிற்கும். நாற்றங்காலில் நெருங்கி நிற்கும் நாற்றுகளை நினைத்துக்கொள்ளுங்கள். 1917இல் இதனைத் தெளிவாக விளக்கிய இர்விங் லாங்மியூர் 1932இல் நோபல் பரிசு பெற்றார். இத்தகைய வால்கள் மூன்றைக் கிளிசரால் என்ற ஒரு பொருளில் முடிச்சுப் போட்டால் அதுவே நல்லெண்ணெய், கடலை எண்ணெய் எல்லாம். (20 கார்பன் கொண்ட ஓர் அமிலத்துக்கு நிலக்கடலையின் தாவரப் பெயரைக்கொண்டே அராகிடிக் அமிலம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!)

அப்படியானால் கண்மாயில் நாலு டின் கடலை எண்ணெயை ஊற்றிவிடலாமே என்பீர்கள். அலை அடங்கும், ஆவியாதல் அவ்வளவாகக் குறையாது. காரணம், வாலின் வடிவம். 18 கார்பன் கொண்ட ஸ்டியரிக் அமிலத்தின் வால் நேரானது. ஒன்றோடொன்று ஒட்டி அடுக்க வசதியானது. ஆகவே 69 டிகிரி செல்சியஸ் வரை உருகாது. அதே 18 கார்பன் கொண்ட ஒலியிக் அமிலத்தில், நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் வால் முழங்கைபோல் மடங்கிவிடுகிறது. நெருங்கி அடுக்க முடியாமல் 13 டிகிரியிலேயே உருகிவிடுகிறது. நெய் உறைவதற்கும் நல்லெண்ணெய் உறையாததற்கும் இதுவே முக்கியக் காரணம். வளைந்த கம்புகளால் வேலி கட்டினால் சந்து விழாமல் இருக்குமா? அந்தச் சந்தின் வழியே நீராவி தப்பிவிடுகிறது.

நேரான வால் உடைய ஒன்று வேண்டும். சீட்டைல் ஆல்ககால் அப்படிப்பட்டது. 16 கார்பன், வளைவே இல்லை. ஒரு ஏக்கர் நீர்ப்பரப்பை ஒற்றை மூலக்கூறு அடுக்காக மூட இது எவ்வளவு வேண்டும் தெரியுமா? கணக்குப்படி 8 கிராம். ஒரு சவரன் எடை! 1950களில் ஆஸ்திரேலியாவில் மான்ஸ்ஃபீல்ட் என்பவர் இதனைத் திறந்த நீர்த்தேக்கங்களில் சோதித்தார். நம் நாட்டில், பூனாவிலுள்ள தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தார் 1960ஐ ஒட்டி, இதனினும் நன்றாகப் பரவக்கூடிய அல்காக்சி எத்தனால்களைச் செய்து காட்டினர். நீராவியைத் தடுக்கும் இப்படலம், ஆக்சிஜனை அவ்வளவாகத் தடுப்பதில்லை. எனவே மீன்களுக்கு மூச்சு முட்டாது.

பின் ஏன் பந்தல்குடிக் கண்மாயில் இதைப் பார்க்க முடிவதில்லை? மறுபடியும் காற்றுதான். நீர்மேல் மிதக்கும் படலம் காற்றின் வேகத்தில் ஏறத்தாழ 3 சதவீத வேகத்தில் நகரும். மணிக்கு 15 கி.மீ. காற்றடித்தால் படலம் மணிக்கு அரைக் கிலோமீட்டர் நகரும். அரைக் கிலோமீட்டர் அகலமுள்ள கண்மாயின் போர்வை ஒரு மணி நேரத்தில் அக்கரைக்குச் சுருண்டுவிடும். போதாக்குறைக்குப் பாக்டீரியாக்கள் அதைத் தின்கின்றன. ஓயாமல் தூவிக்கொண்டே இருந்தால்தான் பலன். அப்படிச் செய்தும் திறந்த நீர்நிலைகளில் மிச்சமாவது பெரும்பாலும் கால் பங்கு, மூன்றிலொரு பங்குதான்.

உயிரினங்கள் இந்தப் போர்வை வேலையை வெகுகாலமாகச் செய்துவருகின்றன. கண்மாய்க்கரை எருக்கிலையை விரலால் தேயுங்கள், வெண்பொடி ஒட்டும். அது மெழுகு. 24 முதல் 34 வரை கார்பன் உள்ள நேர்வால்கள் கெட்டியாக அடுக்கி, இலைத்தோலில் உள்ள கியூட்டின் என்ற வலைப்பின்னலில் பதிந்து கிடக்கின்றன. காற்று அதைச் சுருட்ட முடியாது. நீர் வெளியேற வேண்டுமென்றால் பெரும்பாலும் இலைத்துளை திறந்தால்தான் உண்டு. நம் மேல்தோலிலும் செத்த செல்களாகிய செங்கற்களுக்கு இடையே செராமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலம் ஆகியவை சாந்துபோல் பூசியுள்ளன. பெருந்தீக்காயம் பட்டவருக்கு மருத்துவர்கள் உடனே நீரேற்ற முனைவதற்கு, இந்தப் பூச்சு போய்விடுவதும் ஒரு காரணம்.

இன்னும் உள்ளே போனால், ஒவ்வொரு செல்லுக்கும் லிப்பிடாலான சுவர் உண்டு. அங்கே இரண்டு வால்கள் கொண்ட பாஸ்போலிப்பிடுகள். உள்ளும் நீர், வெளியும் நீர் என்பதால் இரண்டு அடுக்காக, வாலோடு வால் சேர்த்து நிற்கின்றன. 1925இல் லைடன் நகரில் கார்ட்டர், கிரென்டல் இருவரும் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பை எடுத்து, நீர்த்தொட்டியில் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரண்டு மடங்கு வந்தது. கொழுப்பு முழுவதையும் அவர்கள் எடுக்கவில்லை. மேற்பரப்பையும் குறைத்தே கணித்தார்கள். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு சரியான விடையைத் தந்தன! (தேர்வில் நீங்கள் இதை நம்பி இறங்கவேண்டாம்.) இந்தச் சுவர் நீரை ஓரளவு கசியவிடும், உப்பையும் சர்க்கரையையும்தான் தானாகப் போகவிடாது. அவற்றுக்குப் புரதங்களாலான தனி மடைகள் இருக்கின்றன.

சேமிப்புப் பொருளாகவும் லிப்பிடு சிறந்தது. 1 கிராம் கொழுப்பு 9 கிலோகலோரி தரும், மாவுப்பொருள் 4தான். சிற்றெள்ளின் எடையில் பாதி எண்ணெயாக இருப்பது முளைவிடும் கன்றுக்கான கட்டுச்சோறு.

பூச்சிகளின் உடலுக்கும் மெழுகுப்பூச்சு உண்டு. உடல் சிறியது, மேற்பரப்பு அதிகம். பூச்சு கெட்டால் சில மணி நேரத்தில் காய்ந்து சாகும். 1940களில் விக்கிள்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேய அறிஞர், நுண்தூள்மீது நடமாடும் பூச்சிகளின் மெழுகு தேய்ந்து அவை நீரிழப்பதைக் காட்டினார். உங்கள் வீட்டு ஆச்சி விதைப்பயற்றில் சாம்பலைக் கலந்து பானையில் கட்டி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பயறுகளுக்கிடையே ஊர்ந்துவரும் வண்டின் மேல்பூச்சை அந்தச் சாம்பல் அராவுகிறது; வண்டு தாகத்தால் மடிகிறது. கண்மாய் நீர் மறைவதும் அந்த வண்டு சாவதும் ஒரே ஆவியாதலால்தான். அடுத்த முறை பானையைத் திறக்கும்போது ஒரு செத்த வண்டை எடுத்து, உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்துப் பாருங்கள். முதுகில் சாம்பல் அப்பியிருக்கும்.