நடுநிசியில் கொடுத்த ரத்தம்

நோயும் ஊரும் – 11

இரவு பத்து மணிக்கு மேல்தான் வருவார்கள். ஒருவர் கையில் டார்ச், இன்னொருவர் கையில் கண்ணாடிச் சிலைடுகள் அடுக்கிய பெட்டி, ஊசி, பஞ்சு, ஸ்பிரிட். ‘ரத்தம் எடுக்க வந்திருக்காங்க’ என்ற குரல் வீட்டுக்கு வீடு முன்னே போகும். தூக்கம் கலைந்த பிள்ளைகள் சிணுங்கியபடி விரலை நீட்டுவார்கள். பழைய தென்னாற்காடு மாவட்டத்தில், இன்றைய கடலூர், சிதம்பரம் பக்கங்களில், யானைக்கால் நோய்க்காக நடந்த ரத்தப் பரிசோதனை இப்படித்தான் இருந்தது.

பகலில் எடுத்தால் பயனில்லை. யானைக்கால் நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் பகலெல்லாம் நுரையீரலின் ரத்தக் குழாய்களில் ஒதுங்கிக் கிடக்கும். இரவு பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில்தான் தோலுக்கு அருகிலுள்ள நுண்குழாய்களுக்குக் கூட்டமாக வரும். சாக்கடையில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு கடிக்க வரும் நேரமும் அதுதான். இந்தப் புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதை 1877-ல் சீனத்தின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மேன்சன் கண்டறிந்தார். ஒரு பூச்சி மனித நோயைச் சுமக்கிறது என்பதற்கு உலகம் கண்ட முதல் சான்றுகளில் அது ஒன்று.

மருந்து வர இன்னும் எழுபது ஆண்டுகள் ஆயின. அதிலும் நம் பக்கத்து உறவு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு 1923-ல் அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், லெடர்லே நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தபோது, அவருடைய குழு டைஎதில்கார்பமசைன் என்ற மருந்தைக் கொண்டுவந்தது. சுருக்கமாக டி.இ.சி. அது வெளியானது 1947-ல். மறு ஆண்டே சுப்பாராவ் இறந்துபோனார். ரத்தத்தில் திரியும் புழுக்குஞ்சுகளை அந்த மாத்திரை வேகமாக அழித்தது. அதை லட்சக்கணக்கான மக்களிடம் கொண்டுசேர்ப்பது எப்படி என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை.

யானைக்கால் நோய்க்கான தேசிய பைலேரியா கட்டுப்பாட்டுத் திட்டம் 1955-ல் தொடங்கியது. இரவில் ரத்தம் எடுத்து, புழு இருப்பவரைக் கண்டுபிடித்து, அவருக்கு மட்டும் பன்னிரண்டு நாள் மாத்திரை கொடுப்பது அன்றைய முறை. ஊரில் பாதிப் பேர் கதவைத் திறக்க மாட்டார்கள். திறந்தவர்களும் காய்ச்சல் வந்ததும் மாத்திரையை வீசிவிடுவார்கள். உண்மையில், உள்ளே புழுக்கள் சாவதால் வரும் காய்ச்சல் அது. மருந்து வேலை செய்வதன் அடையாளம். உடம்பில் ஒரு குறையும் தெரியாதவருக்கு மருந்து கொடுத்துக் காய்ச்சலை வரவழைத்தால் அவர் மறுநாள் மாத்திரையைத் தொடுவாரா?

இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் மருத்துவ ஆராய்ச்சி தேவைப்பட்டது. ஆண்டுக்கு ஒரே ஒரு வேளை, ஊரில் உள்ள எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தால் போதுமா? பெரும்புழு சராசரியாக நாலைந்து ஆண்டுகள் குஞ்சு பொரிக்கும். அத்தனை ஆண்டும் ரத்தத்தில் குஞ்சுகளின் எண்ணிக்கையைத் தாழ்த்தியே வைத்திருந்தால், கொசு கடித்தாலும் எடுத்துச் செல்லப் புழு இருக்காது; நோய் தானாக அறுந்துபோகும். கேட்க எளிது. மெய்ப்பிக்க, ஊர் ஊராகச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1975-ல் புதுச்சேரியில் தொடங்கிய நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டது. பழைய தென்னாற்காட்டின் கிராமங்கள் அதன் ஆய்வுக் களமாயின. சில ஊர்களுக்கு டி.இ.சி., சில ஊர்களுக்கு ஐவர்மெக்டின் என்ற இன்னொரு புழுக்கொல்லி மருந்து, சில ஊர்களுக்கு மருந்தே இல்லாத ஒப்பீட்டு மாத்திரை. எந்த ஊருக்கு எது என்று விழுங்கியவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. ஆண்டுதோறும் இரவில் ரத்தம் எடுத்தார்கள், கொசுவைப் பிடித்து அறுத்துப் பார்த்தார்கள். மருந்து கிடைத்த ஊர்களில் புழு உள்ளவர்களின் விகிதம் பெரிதும் இறங்கியது.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். ஒப்பீட்டு மாத்திரை விழுங்கிய ஊர்கள் இல்லாமல் இந்த உண்மை நிலைநாட்டப்பட்டிருக்காது. அந்த ஊர்களில் இருந்தவர்கள் கூலிக்காரர்கள், சிறு விவசாயிகள். மருத்துவ இதழ்களில் வெளியான கட்டுரைகளில் அவர்கள் சதவீதங்களாக இருக்கிறார்கள். அந்த அறிவுக்காக உலகம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது.

கடன் எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 1996-ல் ஆண்டுக்கு ஒரு வேளை மாத்திரைத் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியபோது தமிழ்நாட்டில் அதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது கடலூர் மாவட்டம். ஏழு மாநிலங்களில் 13 மாவட்டங்கள் அந்த முன்னோட்டத்தில் இருந்தன. இரண்டு வயது முதல் ஐந்து வரை ஒரு மாத்திரை, ஆறு முதல் பதினான்கு வரை இரண்டு, அதற்கு மேல் மூன்று. கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் கடும் நோயாளிகளுக்கும் விலக்கு. வீட்டு வாசலில் நின்று கையில் கொடுத்து, கண் முன்னே விழுங்க வைப்பதுதான் இதில் கடினமான வேலை. கிராம சுகாதார செவிலியர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் அதைச் செய்தார்கள். 1997-ல் உலக சுகாதாரப் பேரவை யானைக்கால் நோயை ஒழிக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. 2004-ல் இந்தியாவே இந்த முறைக்கு மாறியது. பிறகு அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரையும் அதோடு சேர்ந்தது. 2016-ல் இலங்கை இந்த நோயை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. இந்தியாவின் இலக்கு 2027.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆட்சியாளர்களின் காதில் விழும் மொழி அதுதான். இந்த நோயால் இழந்த வேலை நாட்களையும் வைத்தியச் செலவையும் கூட்டி, இந்தியாவின் ஆண்டு இழப்பு சுமார் 84 கோடி டாலர் என்று புதுச்சேரி மையத்தின் கே.டி. இராமையாவும் உடன் ஆய்வாளர்களும் 2000-ம் ஆண்டில் மதிப்பிட்டார்கள். நெறி கட்டிக் குளிர்காய்ச்சல் வந்தால் நாற்று நடுபவர் பல நாள் படுத்துவிடுவார். விரைவீக்கம் வந்தவர் கடப்பாரையைத் தூக்க முடியாது. இந்த இழப்பைத் தடுக்கும் மாத்திரைக்கு ஓர் ஆளுக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு சில ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

ஒரு மாவட்டத்தின் வளர்ச்சிக்கு அரசு போடும் முதலீடு என்றால் நம் மனதில் எழுவது என்ன? கடலூர் மாவட்டத்தில் 1956-ல் உருவான நெய்வேலி நிலக்கரி நிறுவனம், கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் எழுந்த சிப்காட் ரசாயனத் தொழிற்பேட்டை, பாலம், நான்குவழிச் சாலை. ஆராய்ச்சிக்கான பணம் செலவுக் கணக்கில் போய்விடுகிறது. யானைக்கால் நோயின் கதை இந்தப் பழக்கத்தை மாற்றச் சொல்கிறது. இந்த மண்ணில் செய்த ஓர் ஆராய்ச்சி, உழைக்கும் கைகளை எத்தனையோ பேருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அதைவிட லாபகரமான பொது முதலீட்டை எனக்குக் காட்டுங்கள்.

ஆனால் அந்த ஆராய்ச்சியின் வேர் இந்த மாவட்டத்தில் ஊன்றவில்லை. மையம் புதுச்சேரியில், முடிவுகள் ஜெனீவாவுக்கும் தில்லிக்கும் போயின. இங்கே ஒரு வேலையும் மிச்சம் இருந்தது: நோய் பரவல் அடங்கிய பிறகும் வீங்கிய காலோடு இருப்பவர்களுக்கு மாத்திரை பயன்படாது. அவர்களுக்கு வேண்டியது வேறு. அது என்ன என்பதைச் சோதித்துக் காட்டியது ஒரு மாவட்ட மருத்துவக் கல்லூரி.

ஆலப்புழையில் 1963-ல் ஒரு தேவஸ்வம் தொடங்கி, பின்னர் கேரள அரசு ஏற்றுக்கொண்ட திருமலை தேவஸ்வம் மருத்துவக் கல்லூரி அது. அருகிலுள்ள சேர்த்தலைப் பக்கம் யானைக்கால் நோய் மண்டிக் கிடந்த பகுதி. அங்கே ஆர்.கே. ஷெனாய் குழுவினர் நோயாளிகளைப் பிரித்து, சிலருக்குப் பென்சிலின், சிலருக்கு டி.இ.சி., சிலருக்கு மருந்தில்லா மாத்திரை கொடுத்தார்கள். எல்லோருக்கும் பொதுவாகக் கால் பராமரிப்பைக் கற்றுத் தந்தார்கள்: சோப்புப் போட்டுக் கழுவுவது, விரலிடுக்கை ஈரமில்லாமல் துடைப்பது, வெடிப்புக்குக் களிம்பு தடவுவது. அடிக்கடி வரும் காய்ச்சலும் வீக்கமும் எல்லாப் பிரிவிலும் குறைந்தன. முறையான கால் பராமரிப்பே பெரும்பகுதி வேலையைச் செய்துவிடுகிறது என்பது அந்த ஆய்வு தந்த பாடம். உலகெங்கும் இன்று நோயாளிகளுக்குச் சொல்லித் தரப்படும் முறைக்கு இத்தகைய ஆய்வுகளே அடித்தளம். பெருநகர ஆய்வகமும் கோடிக்கணக்கில் விலையுள்ள கருவிகளும் அதற்குத் தேவைப்படவில்லை. நோயாளி அருகிலேயே இருந்தார். மருத்துவர் ஆண்டுக்கணக்கில் அதே ஊரில் இருந்தார்.

சிதம்பரத்திலும் இத்தகைய ஆய்வுக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது. 1929-ல் பிறந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1985-ல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கியது. பல்கலைக்கழகம் 2013-ல் அரசின் கைக்கு வந்தது. ஆனாலும் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். கட்டணம் ஆண்டுக்கு 5.44 லட்சம் ரூபாயாகவே நீடித்தது. மற்ற அரசுக் கல்லூரிகளில் அப்போது 13,610 ரூபாய்தான். 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். ஏழு வாரங்களுக்கும் மேல் தாக்குப்பிடித்தார்கள். 2021 ஜனவரியில் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்டத்துக்கான அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. அந்தப் பிள்ளைகள் தங்கள் கட்டணத்துக்காகப் போராடினார்கள். மாவட்டத்துக்கு ஒரு பொதுச் சொத்து கிடைத்தது.

அந்தச் சொத்து இனி என்ன செய்ய வேண்டும் என்பதே என் கேள்வி. படுக்கைகளும் அறுவை அரங்குகளும் கட்டாயம் வேண்டும். கூடவே இந்த மாவட்டத்தின் நோய்களை இந்த மாவட்டத்திலேயே ஆராயும் கடமையும் அதற்கு இருக்கிறது. சிப்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குடிகாடு, ஈச்சங்காடு போன்ற ஊர்களின் மக்கள் காற்றின் மாதிரியைத் தாங்களே எடுக்கப் பழகி, 2004-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு தேசிய சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமான நீரியும் அங்கே காற்றை அளந்து புற்றுநோய் அபாயத்தைக் கணக்கிட்டது. அது காற்றிலிருந்து போட்ட கணக்கு. இங்கே வாழும் மக்களின் உடலிலிருந்து போட வேண்டிய கணக்கு வேறு. எத்தனை குழந்தைகளுக்கு மூச்சிரைப்பு, எத்தனை கர்ப்பம் கலைந்தது, யாருக்கு எந்தப் புற்றுநோய் என்று இருபது முப்பது ஆண்டுகள் விடாமல் பதிவு செய்தால்தான் அந்த விடை கிடைக்கும். மூன்று ஆண்டு நிதியோடு வந்து மூட்டை கட்டிப் போகும் குழுக்களால் அது ஆகாது. ஊரில் நிலையாக இருக்கும் கல்லூரியால் மட்டுமே ஆகும்.

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன். சிதம்பரம் கல்லூரியில் மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவுக்கு மாநில பட்ஜெட்டில் ஆண்டுதோறும் தனி ஒதுக்கீடு வேண்டும். சிப்காட் ஊர்களுக்கு நீண்டகால உடல்நலப் பதிவேடு வேண்டும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் யானைக்கால் நோயாளிகளுக்குக் கால் பராமரிப்புப் பயிற்சியும் தொடர் கண்காணிப்பும் வேண்டும். எந்த ஆராய்ச்சி நடந்தாலும் அதன் முடிவை முதலில் அந்த ஊர் கிராமசபையில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். நடுநிசியில் எழுந்து விரலை நீட்டியவர்களுக்கு, தங்கள் ரத்தம் எதைக் கண்டுபிடித்தது என்று தெரிந்துகொள்ளும் முதல் உரிமை உண்டு.

(தொடரும்)

அடுத்த வாரம்: 1955-ல் வேலூரில் அடையாளம் காணப்பட்ட ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் தென்னாற்காட்டு நெல்வயல்களும்.